சேதக் கணக்கு

மார்கழி மூன்றாம் வாரம்
கவுஞ்சியில் புல் கருகியது.
நெருப்பில்லை, உறைபனி.
விடியும்போது வெள்ளை, மத்தியானம் பழுப்பு,
மிதித்தால் அப்பளச் சத்தம்.

சங்கத்துக்கு வரும் பால்
நானூற்றுப் பத்து லிட்டரிலிருந்து
இருநூற்று எழுபதுக்கு இறங்கிய அன்று
கீழே போன் போட்டேன்:
எண்ணெய் எடுத்த தவிடு நாற்பது மூட்டை,
கோதுமைத் தவிடு பத்து,
ஆலைக் கழிவுப்பாகு மூன்று பீப்பாய்.
"தவிட்டை மோந்து பார்த்துத்தானக்கா ஏத்தணும்?"
ஆமாம் மொய்தீன். போன தடவை காறல் வாடை.
அரிசியைத் தின்றவர்கள்
தோலை மலைக்கு அனுப்பும்போது
அதிலும் புதுசு பழசு உண்டு.

பாகின் சங்கதி வேறு.
சர்க்கரையெல்லாம் மூட்டையில் ஏறிப் போன பிறகும்
போக மாட்டேன் என்று ஆலையில் தங்கிவிட்ட இனிப்பு.
தாரின் நிறம், தாரைவிடக் கொஞ்சம் சாது.
சமவெளியில் ஓடும்.
இங்கே வந்தால் குளிரில் வாய் திறக்காது.
பீப்பாயைச் சாய்த்துவிட்டு
ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால்
அப்போதுதான் நாக்கு நுனி தெரியும்.
வெந்நீரில் கரைத்து
நூறு கிலோ தீவனத்துக்கு எட்டு. மிஞ்சினால் பத்து.
அதற்கும் மேலே போனால் பசுவுக்குக் கழிச்சல்,
எனக்கு வசவு.

லாரி பழனி வழியாக ஏறியது.
சவரிக்காடு தாண்டி ஒரு வளைவில்
இறங்கி வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது
கயிறு அறுந்தது.
தவிடு தப்பித்தது.
ஒரு பீப்பாய் பள்ளத்தில்,
ஒரு பீப்பாய் ரோட்டில் வாய் பிளந்து.

ஜீப்பில் நான் போய்ச் சேர மூன்று மணி நேரம்.
பொழுது சாய்ந்துவிட்டது.
முன்னால் பதினேழு வண்டிகள், விளக்கணைத்து.
அதற்கும் முன்னால்
காட்டுமாடுகள்.
பெரியது ஐந்து, கன்று ஒன்று.

நக்கிக்கொண்டிருந்தன.
ரோட்டை.
வெள்ளை உறை மாட்டிய கால்கள்
பாகில் ஒட்டி, பிரிந்து, மறுபடி ஒட்டி.
பட்டறையில் மரம் இழைக்கிற சத்தம்.
வனக்காவலர் ரூபாவதி
விரலை உதட்டில் வைத்தபடி
வண்டி வண்டியாகப் போய்க்கொண்டிருந்தாள்.
கல்யாண வேனிலிருந்து யாரோ கிசுகிசுத்தார்:
"இன்னும் எவ்வளவு நேரமாகும்?"
"குளிருக்குப் பாகு கெட்டியாயிடுச்சுங்க,
நக்கி எடுக்க நேரமாகும்" என்றான் மொய்தீன்,
அவனே இலை போட்டுப் பரிமாறியதுபோல.

எனக்கு மனசில் விலைதான் ஓடியது.
கொண்டம்மாளின் சினைப்பசு ஓடியது.
தவணை பாக்கி வைத்திருக்கும்
அருளப்பனின் இரண்டு ஜெர்சியும் ஓடின.
திட்டலாமென்று வாயைத் திறந்தபோது
கன்று தலை தூக்கியது.
மூக்கு முழுக்கக் கறுப்பு.
நாக்கை நீட்டி
இடது நாசிக்குள் விட்டு
நிதானமாகத் துடைத்துக்கொண்டது.

வாயை மூடிக்கொண்டேன்.
அதன் மேய்ச்சலிலும் பனி விழுந்திருக்கும்.

மறுநாள் இருந்த ஒரு பீப்பாயை
எல்லா வீட்டுக்கும் இழுத்து இழுத்துக் கலந்தோம்.
கொண்டம்மாளின் பசு
மூக்கால் வாளியைத் தள்ளிவிட்டதாம்.
"இனிப்பு பத்தலைன்னு அதுக்குத் தெரியுது,
செயலாளருக்குத் தெரியலை."
ஆனாலும் நாலாம் நாள் பால்
முந்நூற்று ஐந்து.

சேதப் படிவம் மேசையில் கிடக்கிறது.
இழப்பின் அளவு: பாகு, பீப்பாய் இரண்டு.
காரணம்: கயிறு.
எறும்பு தின்றது, ஈ தின்றது
எழுத இடமில்லை.

அடுத்த பக்கத்தில்
பயன்பெற்ற கால்நடைகள் என்று ஒரு கட்டம்.
ஊர் மாடுகள் நூற்றுப் பன்னிரண்டு.
நூற்றுப் பதினெட்டு என்று எழுதினேன்.
பக்கத்துக் கட்டத்தில் காது வில்லை எண் கேட்கிறது.
ஆறு வரிசைகளைக் காலியாக விட்டு
கையெழுத்துப் போட்டேன்.
தணிக்கைக்கு வருகிறவர் அந்த வழியாகத்தானே
மலையேற வேண்டும்.